கைதட்டாமல் இருந்தவர்கள்

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பிரிவுக்குப் புதிய தலைவர் ஒருவர் வந்தார். ஐந்து நாடுகளில் சிதறிக் கிடந்த டீம் அது. வந்த முதல் வாரமே எல்லோரையும் வீடியோ அழைப்பில் கூட்டி இருபது நிமிடம் பேசினார். ஸ்லைடு எதுவும் இல்லை, கையில் குறிப்பும் இல்லை. தன் முதல் வேலையில் ஒரு வாடிக்கையாளரை எப்படி இழந்தார் என்பதில் ஆரம்பித்தார். அங்கிருந்து நாங்கள் செய்யும் வேலைக்கு வந்து, அது யாருக்கு எப்படிப் பயன்படுகிறது என்று ஒரு நோயாளியின் கதை வழியாகச் சொன்னார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இதை நம்மைத் தவிர வேறு யார் செய்யப் போகிறார்கள்?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். எனக்கு மெய்சிலிர்த்தது. பல மாதமாக அந்த வேலையில் ஒரு சலிப்போடு உட்கார்ந்திருந்தவன் நான். அன்று இரவு பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறந்து, மறந்தே போயிருந்த ஒரு திட்டத்தைத் தூசி தட்டி எடுத்தேன்.

சாவோ பாவ்லோவில் இருந்தவர்கள் சாட் பெட்டியை இதயக் குறிகளால் நிரப்பினார்கள். ஆம்ஸ்டர்டாமில் இருந்த ஒருவர் மட்டும், "நல்ல பேச்சு. இதற்குக் கூடுதலாக எத்தனை பேர் தருகிறீர்கள்?" என்று கேட்டார். டோக்கியோவிலிருந்து ஒன்றும் வரவில்லை. அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை.

நான் ஒரு தவறு செய்தேன். டோக்கியோ டீமுக்கு இந்தப் புதிய திட்டத்தில் விருப்பம் இல்லை போலிருக்கிறது என்று தலைவருக்கு எழுதினேன். அவர்கள் மௌனத்தை மறுப்பு என்று எடுத்துக்கொண்டேன். பத்து நாள் கழித்து, வேறொரு வேலையாகப் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த டீமில் எனக்கு நெருக்கமான ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பேச்சு எங்களுக்கும் பிடித்திருந்தது. ஆனால் எங்கள் மேலாளரிடம் அவர் முன்கூட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. மேலாளரே அங்கே முதல் தடவையாகத்தான் கேட்கிறார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது நாங்கள் எப்படி முந்திக்கொண்டு கைதட்டுவது?"

ஜப்பானிய அலுவலகங்களில் 'நெமவாஷி' என்றொரு சொல் புழங்குகிறது. தோட்டக்காரர்களின் சொல் அது. மரத்தை இடம் மாற்றுவதற்கு முன்னால் வேரைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டிப் பதப்படுத்துவதுதான் நெமவாஷி. அலுவலகத்தில் அதற்கு, கூட்டம் நடப்பதற்கு முன்பே சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசி ஒப்புதல் வாங்குவது என்று பொருள். எங்கள் தலைவர் மரத்தை ஒரே இழுப்பில் பிடுங்கி நட்டுவிட்டார். அவருக்கு அது தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

அந்தப் பத்து நாள்தான், ஒரு தலைவரின் ஈர்ப்பு என்று நாம் எதைச் சொல்கிறோம் என்று என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது.

தமிழில் இதற்கு ஒரே சொல் வாய்க்கவில்லை. கவர்ச்சி என்றால் சினிமா வாடை அடிக்கிறது. வசியம் என்றால் மந்திரம் நினைவுக்கு வருகிறது. வசீகரம் முகத்தோடு நின்றுவிடுகிறது. காந்த சக்தி என்று மேடையில் சொல்வார்கள். அது இரும்புத்தூளுக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவு, மனிதர்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ஆங்கிலத்தில் புழங்கும் 'கரிஸ்மா' கிரேக்க மூலத்தில் அருட்கொடை என்று பொருள்படும். கிறித்தவ இறையியலில் கிடந்த அந்தச் சொல்லைத் திருச்சபை வரலாற்றாசிரியர் ருடால்ஃப் ஸோமிடமிருந்து எடுத்து, அரசியலையும் அதிகாரத்தையும் விளக்கப் பயன்படுத்தியவர் ஜெர்மானிய சமூகவியலாளர் மாக்ஸ் வெபர். மரபால் வரும் அதிகாரம், சட்டத்தால் வரும் அதிகாரம், தனிமனிதரின் அருளாற்றலால் வரும் அதிகாரம் என்று மூன்றாகப் பிரித்தார். 1920-ல் அவர் இறந்த பிறகே அந்த எழுத்துகள் பெரும்பாலும் நூலாக வந்தன.

வெபரைப் பற்றிப் பேசும் பலர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்த ஆற்றல் தலைவரிடம் உண்மையில் இருக்கிறதா என்பது அவருக்கு முக்கியமாகப் படவில்லை. பின்பற்றுகிறவர்கள் அதை எப்படிப் பார்க்கிறார்கள், ஏற்றுக்கொள்கிறார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்றார். அந்தத் தலைமையால் தங்களுக்கு நன்மை விளையவில்லை என்று மக்கள் கண்டால் அந்த அதிகாரம் கரைந்துவிடும் என்றும் சொன்னார். அப்படியானால் கேள்வியே திரும்பிவிடுகிறது. இவரிடம் ஈர்ப்பு இருக்கிறதா என்று கேட்பதை விட்டு, இவரிடம் இவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இதை உலக அளவில் அளந்து பார்க்க ஒரு பெரிய முயற்சி நடந்தது. ராபர்ட் ஹவுஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த 'குளோப்' ஆய்வு. 62 சமூகங்கள், 951 நிறுவனங்கள், ஏறத்தாழ 17,000 இடைநிலை மேலாளர்கள். நிதி, உணவுப் பதப்படுத்தல், தொலைத்தொடர்பு என்று மூன்று துறைகள். ஒரு தலைவர் சிறந்து விளங்க ஒவ்வொரு குணமும் எவ்வளவு உதவும், எவ்வளவு கெடுக்கும் என்று ஒன்றிலிருந்து ஏழு வரை மதிப்பெண் போடச் சொன்னார்கள். 2004-ல் வெளிவந்த முடிவுகளில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது ஒரு வரியைத்தான்: ஈர்ப்பும் விழுமியமும் சேர்ந்த தலைமையை உலகம் முழுவதும் விரும்புகிறார்கள்.

இந்த வரியை வைத்துக்கொண்டு எத்தனையோ பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. மேடையில் நின்று எப்படிப் பேசுவது, கையை எங்கே வைப்பது, எங்கே நிறுத்துவது. ஆனால் அந்த ஆய்வைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. எல்லா இடத்திலும் மதிப்பெண் வாங்கிய குணங்கள் எவை? நம்பகமானவர், நியாயமானவர், நேர்மையானவர், முன்கூட்டித் திட்டமிடுகிறவர், ஊக்கம் தருகிறவர். எல்லா இடத்திலும் வெறுக்கப்பட்டவை: சிடுசிடுப்பு, இரக்கமின்மை, சர்வாதிகாரம், தன்னையே முன்னிறுத்துவது. இடத்துக்கு இடம் மாறியவை? துணிந்து இறங்குவது, எச்சரிக்கை, தன்னைத் தாழ்த்திக்கொள்வது, பேராவல், தன்னலத்தைத் துறப்பது, உற்சாகம். ஆம், உற்சாகமும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. பயிற்சி வகுப்பில் முதலில் சொல்லித்தரும் பொருள், ஒரு சமூகத்தில் தலைவருக்கு வேண்டியதாகவும் இன்னொன்றில் அவ்வளவு தேவையில்லாததாகவும் இருந்திருக்கிறது.

எனக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. அந்த ஆய்வில் 'ஈர்ப்பும் விழுமியமும்' என்ற தலைப்புக்குள்ளேயே நேர்மை ஒரு கூறாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. நேர்மையான தலைவர் வேண்டுமா என்று கேட்டால் எந்த நாட்டில் யார் வேண்டாம் என்பார்கள்? நல்லதையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டுவிட்டு அந்தப் பெட்டியை உலகமே விரும்புகிறது என்று சொல்வதில் ஒரு சுற்றுவழி இருக்கிறது. 2013-ல் டான் ஃபான் க்னிப்பன்பெர்க், சிம் சிட்கின் என்ற இருவர் ஈர்ப்புத் தலைமை குறித்த ஆய்வுகளை மொத்தமாக எடுத்து, இந்தக் கருத்துக்குத் தெளிவான வரையறையே இல்லை, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று கடுமையாக எழுதினார்கள். அந்தக் கடுமை நியாயமானது என்றே நினைக்கிறேன்.

எனக்குக் கண் திறந்தது சிறிய ஆய்வு ஒன்றால். நுர்ஜான் என்சாரி, சூசன் மர்ஃபி இருவரும் 2003-ல் வெளியிட்டது. அமெரிக்காவிலும் துருக்கியிலும் மாணவர்களிடம் ஒரு தலைவரைப் பற்றிய விவரிப்பைக் கொடுத்தார்கள். சிலருக்குத் தலைவரின் நடை, பேச்சு, குணம் எல்லாம் தலைவருக்கே உரியதாக எழுதப்பட்டிருந்தது. சிலருக்கு அவருடைய நிறுவனம் வென்றது, தோற்றது என்ற முடிவு மாற்றிக் கொடுக்கப்பட்டது. அமெரிக்க மாணவர்களுக்கு முதலாவதுதான் பெரிதாகப் பட்டது: தலைவர் போல இருக்கிறார், ஆகவே ஈர்ப்புள்ளவர். துருக்கிய மாணவர்களுக்கு இரண்டாவது: கூட்டத்துக்கு நல்லது நடந்திருக்கிறது, ஆகவே இவரிடம் ஏதோ இருக்கிறது. ஒரே சொல்லை இரண்டு பேரும் சொல்கிறார்கள். ஒருவர் ஆளைப் பார்த்துச் சொல்கிறார், இன்னொருவர் விளைச்சலைப் பார்த்துச் சொல்கிறார். இதைப் படித்தபோது அந்த ஆம்ஸ்டர்டாம்காரரின் கேள்வி நினைவுக்கு வந்தது. அவரும் பேச்சை மறுக்கவில்லை. இன்னும் பார்க்க வேண்டியது பாக்கி என்றுதான் சொன்னார்.

முகத்தைக்கூட நாம் ஒரே மாதிரி படிப்பதில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜீன் ட்சாய் குழு 2016-ல் தலைவர்களின் அதிகாரப்பூர்வப் புகைப்படங்களை எடுத்து ஒப்பிட்டது. அமெரிக்கத் தலைவர்கள் பல் தெரிய, கண் விரிய, வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். தைவான், சீனத் தலைவர்களிடம் அந்தச் சிரிப்பு குறைவு. துள்ளலைப் பெரிதாக மதிக்கும் சமூகத்தில் தலைவர் துள்ளலாகச் சிரிக்கிறார். அமைதியை மதிக்கும் சமூகத்தில் இதழோரம் மட்டும் சிரிக்கிறார். இந்த ஆய்வைப் படித்த அன்று எங்கள் நிறுவனத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு நாட்டுத் தலைவரின் படத்தையும் பார்த்தேன். அதுவரை 'கொஞ்சம் இறுக்கமானவர்' என்று நான் எண்ணியிருந்த ஒருவரின் முகத்தில் அன்று நிதானம் தெரிந்தது.

பண்பாடு என்ற ஒன்றை வைத்தே எல்லாவற்றையும் விளக்கிவிடலாம் என்று இங்கே முடித்துவிட முடிந்தால் வசதியாக இருக்கும். என்னால் முடியவில்லை. காந்தி குறுக்கே வந்து நிற்கிறார்.

மேடைப் பேச்சு என்று பார்த்தால் அவரிடம் ஒன்றுமே கிடையாது. பம்பாய் சிறுவழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்குக்காக எழுந்து நின்றவர், தலை சுற்றி, ஒரு கேள்வியும் கேட்க வராமல் உட்கார்ந்துவிட்டார். பிற்காலத்திலும் அவர் குரல் மெல்லியதுதான். ஏற்ற இறக்கம் இல்லாத, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போன்ற பேச்சு. 1930 மார்ச் 12 அன்று, அறுபது வயதில், 78 பேரோடு சபர்மதியிலிருந்து கிளம்பி, ஏறத்தாழ 385 கிலோமீட்டர் நடந்து, ஏப்ரல் 6-ல் தண்டியில் கைப்பிடி உப்பை எடுத்தார். வாயால் சொல்லியிருந்தால் யாருக்கும் முழுதாகப் புரிந்திருக்காத ஒன்றை நடந்து காட்டினார்.

அவர் உடுத்திய அரைத்துணியை எடுத்துக்கொள்ளுங்கள். கோடிக்கணக்கான ஏழைகள் அதில் தங்களைக் கண்டார்கள், துறவைக் கண்டார்கள். 1931 பிப்ரவரியில் அதே உடையோடு வைஸ்ராய் மாளிகையின் படியேறியதைக் கண்டு வின்ஸ்டன் சர்ச்சில் அருவருப்பாக இருக்கிறது என்று பேசினார். அரை நிர்வாணப் பக்கிரி என்று இன்றுவரை சொல்லப்படுவது அந்தப் பேச்சிலிருந்து வந்ததுதான். ஒரே உடை, இரண்டு வாசிப்பு. இதுவரை பண்பாட்டுக் கணக்கு சரியாக இருக்கிறது.

அதே ஆண்டு செப்டம்பரில், வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் போயிருந்தவர், லங்காஷயருக்குப் போனார். அந்த வட்டாரம் பருத்தி ஆலைகளை நம்பி இருந்தது. அவர் சொன்ன அந்நியத் துணிப் புறக்கணிப்பு, ஏற்கெனவே நொடிந்திருந்த அந்த ஆலைகளை மேலும் அடித்திருந்தது. வேலை போனவர்கள் நிறைந்த இடத்துக்கு, வேலை போனதில் தனக்கும் பங்கிருக்கும் ஒருவர், அதே உடையில் போகிறார். டார்வென் என்ற ஊரில் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து நிற்கிறார்கள், கைகள் மேலே தூக்கியிருக்கின்றன, வாய்விட்டு ஆர்ப்பரிக்கிறார்கள். நடுவில் போர்வையைச் சுற்றிக்கொண்டு அவர். இந்தியாவின் வறுமை எவ்வளவு ஆழமானது என்று அவர்களிடம் எடுத்துச் சொன்னார். மன்னிப்பும் கேட்கவில்லை, புறக்கணிப்பைக் கைவிடுகிறேன் என்று வாக்கும் தரவில்லை.

அந்தப் படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சர்ச்சிலும் அந்தப் பெண்களும் ஒரே நாட்டார், ஒரே மொழி பேசுகிறவர்கள். என் யூகத்தைச் சொல்கிறேன். தங்களைச் சந்திக்க வராமலே போயிருக்கக்கூடிய ஒருவர், வந்து நேருக்கு நேர் நின்றார் என்பதை அவர்கள் பார்த்தார்கள். அதைப் படிக்க ஒரே பண்பாட்டில் பிறந்திருக்க வேண்டியதில்லை. சிரிப்பு, குரல், கையசைப்பு, உடை இவையெல்லாம் எல்லையில் மாட்டிக்கொள்கின்றன. ஒருவர் தனக்குச் செலவு வைத்துக்கொள்கிறாரா என்பது மாட்டிக்கொள்ளாமல் தாண்டிவிடுகிறது. குளோப் ஆய்வில் 'தன்னலம் துறப்பது' இடத்துக்கு இடம் மாறியது என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்த முடிவோடு என் யூகம் உரசுகிறது என்பது எனக்குத் தெரியும். படிவத்தில் மதிப்பெண் போடும் மேலாளரும், ஆலை வாசலில் நிற்கும் தொழிலாளியும் ஒரே விதமாகப் பதில் சொல்வார்கள் என்று நான் நம்பவில்லை.

காலமும் இதில் ஒரு பண்பாடு போலவே வேலை செய்கிறது. போரில் ஒரு நாட்டையே தன் சொல்லால் நிமிர்த்தி வைத்த சர்ச்சில், 1945 ஜூலையில் தேர்தலில் தோற்றார். அதிகம் பேசாத கிளமென்ட் அட்லீயை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். சர்ச்சிலின் குரல் மாறவில்லை, கேட்டவர்களின் தேவை மாறிவிட்டது.

இவ்வளவும் சொன்னதால் பேச்சு வீண் என்று நான் நினைப்பதாகக் கொள்ள வேண்டாம். சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் அன்டோனாகிஸ், ஈர்ப்பு என்பதை உவமை, கதை, எதிர்நிலை அடுக்கு, கேள்வி, கூட்டத்தின் உணர்வை எடுத்துச் சொல்லுதல் என்று கற்றுக்கொள்ளக்கூடிய துண்டுகளாகப் பிரித்தார். நன்கொடைக் கடிதங்களை உறையிலிட வந்த தற்காலிகப் பணியாளர்களை வைத்து இங்கிலாந்தில் அவருடைய குழு ஒரு சோதனை செய்தது. வழக்கமான பேச்சைக் கேட்டவர்களைவிட, இந்த உத்திகளோடு அமைந்த பேச்சைக் கேட்டவர்கள் ஏறத்தாழ 17 சதவீதம் கூடுதலாக வேலை செய்தார்கள். முடித்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி (பீஸ் ரேட்) கொடுத்தால் கிடைக்கும் உயர்வுக்கு அது கிட்டத்தட்ட இணை. எனவே அந்த இரவு பத்து மணிக்கு நான் லேப்டாப்பைத் திறந்தது மாயை இல்லை. பேச்சு வேலை செய்யும். ஒருநாள் வேலையில், ஒரே மொழியில், தெளிவான பணியில் நன்றாகவே வேலை செய்யும். ஆறு மாதம் கழித்து, மூன்று கண்டங்களில் என்ன மிஞ்சும் என்பதற்கு அந்தச் சோதனையில் பதில் இல்லை.

நான் உண்மையில் பயப்படுவது வேறொன்றுக்கு. 1960-களின் இறுதியிலும் 1970-களின் தொடக்கத்திலும் ஐபிஎம் ஊழியர்களிடம் நாடுவாரியாக எடுத்த கருத்துக்கணிப்பை வைத்து டச்சு ஆய்வாளர் கீர்ட் ஹோஃப்ஸ்டெட், அதிகார இடைவெளி என்ற அளவுகோலை உருவாக்கினார்: மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள தூரத்தை ஒரு சமூகம் எவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொள்கிறது என்பது. மேலதிகாரியிடம் 'இது தப்பு' என்று சொல்லவே முடியாத இடத்தில் ஈர்ப்புள்ள தலைவர் ஒருவர் வந்து உட்கார்ந்தால், அவரைத் தடுக்க ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். பதவி ஒரு பக்கம் வாயைக் கட்டும், பக்தி இன்னொரு பக்கம் கட்டும். ஆனால் இடைவெளி குறைவு என்று பெருமைப்படும் இடங்களிலும் இது நடக்கத்தான் செய்கிறது. ஒரு துளி ரத்தத்தில் நூற்றுக்கணக்கான பரிசோதனை என்று வாக்களித்த தெரானோஸ் நிறுவனத்தின் எலிசபெத் ஹோம்ஸ், முன்னாள் வெளியுறவு அமைச்சர்களான ஜார்ஜ் ஷுல்ட்ஸையும் ஹென்றி கிஸ்ஸிங்கரையும் இயக்குநர்களாக உட்காரவைத்து ஆண்டுக்கணக்கில் முதலீட்டாளர்களை நம்பவைத்தார். 2022 ஜனவரியில்தான் மோசடி வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. தென் அமெரிக்க நாடான கயானாவில், ஜோன்ஸ்டவுன் என்ற குடியிருப்பில் 1978 நவம்பரில் 900-க்கும் மேற்பட்டவர்கள் ஒரு போதகரை நம்பிச் செத்துப்போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள்.

எங்கள் தலைவர் கெட்டவர் அல்லர். அப்படி நான் எழுதினால் அது அநியாயம். பதினெட்டு மாதத்தில் வேறு இடத்துக்குப் போனார். போனபோது நிறையப் பேர் மனம் கலங்கினார்கள், நானும்தான். ஆனால் அவர் தொடங்கிய நான்கு வேலைகளில் மூன்று, அவர் குரல் இல்லாமல் ஒரு காலாண்டுகூடத் தாங்கவில்லை. ஈர்ப்பால் வந்த அதிகாரம் விதிகளாகவும் வழக்கங்களாகவும் உறையாவிட்டால் அடுத்தவருக்குக் கைமாறாது என்று வெபர் எழுதியிருந்ததை அப்போதுதான் வேறு கண்ணோடு படித்தேன். 1994-ல் பதவிக்கு வந்த நெல்சன் மண்டேலா, நினைத்திருந்தால் இன்னொரு முறையும் ஜெயித்திருக்கலாம். 1999-ல் ஒரே பதவிக்காலத்தோடு இறங்கிக்கொண்டார்.

அடுத்து வந்தவர் ஒரு பெண். முதல் ஒரு மாதம் எந்தக் கூட்டமும் கூட்டவில்லை. ஒவ்வொரு மேலாளரிடமும் தனித்தனியாகப் பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது; இவர் எப்போது பேசப்போகிறார் என்று சாவோ பாவ்லோ நண்பரும் நானும் புலம்பிக்கொண்டோம். பொதுக்கூட்டம் நடந்தபோது ஆறே நிமிடம் பேசினார். எத்தனை பேர் கூடுதலாக வருகிறார்கள் என்பதை அவரே முதலில் சொன்னார். அவர் முடிப்பதற்குள் டோக்கியோ மேலாளர் சாட்டில் ஒரு வரி போட்டார்: "புரிந்தது. திங்கட்கிழமை தொடங்குகிறோம்."

சாவோ பாவ்லோவில் அந்த ஆறு நிமிடம் எடுபடவில்லை. "எங்களை அவருக்குப் பிடிக்கவில்லையோ?" என்று நண்பர் என்னிடம் கேட்டார். நான் அதை மறைக்காமல் புதிய தலைவரிடம் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை, எழுதிக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து அங்கே நேரில் போனார். அன்று நடந்ததைச் செல்போனில் பதிவு செய்து நண்பர் எனக்கு அனுப்பியிருந்தார். போர்ச்சுகீசிய மொழி எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. அவர் ஒரு தாளைப் பார்த்துத் தட்டுத்தடுமாறி அந்த மொழியில் பேசுவது கேட்கிறது. ஒரு சொல்லைத் தவறாகச் சொல்கிறார் போல. அறை முழுவதும் சிரிக்கிறது, அவரும் சிரிக்கிறார். பின்னாலிருந்து யாரோ சரியான உச்சரிப்பை எடுத்துக் கொடுக்கிறார்கள். அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, அவர் அடுத்த வரிக்குப் போகிறார்.